வழமையை மீறலாமா? தங்கச்சி கல்யாணமும் அம்மாவும் மேடையும்

கேள்வி: உப்புவெளியிலிருந்து ஒரு வாசகர், 2025 யூலை 6

வழமையைப் பின்பற்றுகிறவன் எல்லாம் கோழை என்று எழுதுகிறவர்களிடம் ஒரு கேள்வி. ஆவணியில் தங்கச்சிக்குக் கல்யாணம். அப்பா இல்லை. அம்மா மேடைக்கு ஏறக் கூடாது, தாலி கட்டும்போது முன்னுக்கு நிற்கக் கூடாது என்று பெரியம்மா ஆட்கள் சொல்லிவிட்டார்கள். அம்மாவும் அதுதான் முறை என்கிறா. நான் சண்டை பிடித்தால் போகிற வீட்டில் தங்கச்சிதான் பேச்சு வாங்க வேண்டும். ஊரோடு ஒத்துப் போவது அவ்வளவு பெரிய குற்றமா?

யூலை 6, இரவு 9.50

குற்றம் இல்லை தம்பி. ஒரு நாளில் நாம் செய்வதில் முக்கால்வாசி வழமைதான், அதில் எனக்கு வெட்கமும் இல்லை. இங்கே திருகோணமலையில் சிவராத்திரிக்குப் பிறகு கோணேசர் நகர்வலம் வரும்போது எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு நிறைகுடம் வைப்பார்கள், வை என்று யாரும் நோட்டீஸ் ஒட்டுவதில்லை. கோட்டைப் பக்கம் மான் நடுறோட்டில் நின்றால் ஓட்டோக்காரர் எஞ்சினைக் குறைத்துக்கொண்டு அது நகரும்வரை நிற்பார்.

அப்பா 2011 இல் போனார். அந்த நாட்களில் எனக்கு மூளை வேலை செய்யவே இல்லை, என்னை நடத்திக்கொண்டு போனது வழமைதான். எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை, பக்கத்து வீட்டிலிருந்து சோறும் பருப்பும் வந்தது, அதற்கு அடுத்த நாள் அதற்கு அடுத்த வீடு. வந்தவர்கள் 'போயிட்டு வாறன்' என்று சொல்லாமல் எழும்பிப் போனார்கள். முப்பத்தோராம் நாள் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போக வேண்டும் என்று யாரோ வான் பேசி வைத்திருந்தார்கள். நான் ஒன்றையும் முடிவு செய்ய வேண்டி இருக்கவில்லை. ஏழு கிணறுகளில் சூடு குறைந்த ஒன்றிலிருந்து வாளியால் அள்ளித் தலையில் ஊற்றிய பிறகுதான் அந்த மாதத்தில் முதல் தரமாக வாய் விட்டு அழுதேன். அதனால் வழமை என்றாலே அடிமைத்தனம் என்று யாராவது எழுதினால் எனக்குக் கோபம் வரும்.

உங்கள் அம்மா விஷயம் வேறு. நாளைக்கு எழுதுகிறேன், இன்றைக்குக் கை ஓடவில்லை.

யூலை 7, காலை 6.15

எங்களை வளர்த்தது சித்தி. அம்மா முதலே போய்விட்டா. சித்தப்பா கடற்கரைப் பக்கம் கடை வைத்திருந்தவர், 2004 மார்கழியில் சுனாமி கொண்டு போனது. அப்போது சித்திக்கு 31 வயது.

2016 இல் என் தங்கச்சிக்குக் கல்யாணம். பலகாரம் சுட்டது சித்தி, சாமான் பட்டியல் எழுதினது சித்தி, கூறைச் சேலையைத் தட்டத்தில் அடுக்கினதும் சித்திதான். கையில் மஞ்சள் பட்டிருந்ததால் புறங்கையால் அந்தச் சேலையின் மடிப்பைத் தடவி நேராக்கினா. பிறகு தேங்காயை நடுவில் வைத்து, வெற்றிலையைக் காம்பு உள்ளுக்கு இருக்கிற மாதிரித் திருப்பி வைத்து, தட்டத்தைத் தூக்கி என் கையில் தந்துவிட்டு, "கொண்டு போ பிள்ளை" என்று சொல்லிப் பின்பக்கம் போய்விட்டா. மேளம் கொட்டும்போது நான் திரும்பிப் பார்த்தேன். மண்டபத்துச் சமையலறையில், சாப்பாடு எடுத்துக் கொடுக்கிற சின்ன யன்னல் வழியாகச் சித்தியின் நெற்றியும் கண்ணும் மட்டும் தெரிந்தது. கையில் பருப்புக் கிடாரத்தின் மூடி.

கூப்பிடவில்லை நான். மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளிப்பார்கள், ஐயர் ஏதும் சொல்லுவார், தங்கச்சிக்குக் கெட்ட பெயர் என்று நீங்கள் சொல்கிற அதே காரணங்கள்தான் அப்போது எனக்கும் இருந்தன.

யூலை 7, பகல் 1.05

சாப்பாட்டு நேரத்தில் ஒரு சின்னக் குறிப்பு. 'வழக்கு' என்ற சொல்லைப் பாருங்கள். ஊர் வழக்கு என்றால் பழக்கம், நீதிமன்றத்துக்குப் போனால் அதே வழக்கு பிணக்கு. பழக்கம் என்பதே பேசித் தீர்க்க வேண்டிய விஷயம் என்று நினைத்துத்தான் ஒரே சொல்லை வைத்தார்களோ என்று எனக்கு ஓர் எண்ணம். இது மொழியியல் இல்லை, என் மனதில் பட்டது.

யாழ்ப்பாணத் தமிழருக்கான சட்டத்துக்குப் பெயரே தேசவழமை. ஒல்லாந்தர் காலத்தில், 1707 இல், கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி ஊர்ப் பழக்கங்களைக் கேட்டுத் திரட்டியது. தமிழ் முதலிமார் 12 பேர் பார்த்துச் சரி என்றார்கள். எழுதிய நாளோடு பழக்கம் உறைந்து போனது. இன்றைக்கும் அந்தச் சட்டத்துக்கு உட்பட்ட பெண் தன் பெயரில் உள்ள காணியை விற்கக் கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். நல்லவேளை, உங்கள் பெரியம்மா சொன்னது எங்கும் எழுதப்படவில்லை. எழுதாத வழமையை மாற்றுவது சுலபம்.

யூலை 9, இரவு

சுலபம் என்று எழுதியது பிழை. இரண்டு நாளாக உறுத்துகிறது. எழுதின சட்டத்தை மாற்ற வேண்டும் என்றால் யாரிடம் போக வேண்டும் என்றாவது தெரியும், இதற்கு யாரிடம் போவது?

சொலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1951 இல் வெளியிட்ட பரிசோதனை பலருக்குத் தெரிந்திருக்கும். ஒரு கோட்டைக் காட்டி, அதே நீளமுள்ள கோடு இந்த மூன்றில் எது என்று அறையில் இருப்பவர்களிடம் வரிசையாகக் கேட்பார்கள். பச்சைப் பிள்ளைக்கும் தெரிகிற விடை. ஆனால் அறையில் ஒருவரைத் தவிர மற்றவர்கள் எல்லோரும் ஏற்பாட்டு ஆட்கள், வேண்டுமென்றே பிழையான கோட்டைச் சொல்லுவார்கள். கடைசியில் முறை வருகிற அந்த அப்பாவி என்ன செய்வார்? நாலில் மூன்று பேர் ஒரு தரமாவது கூட்டத்தோடு சேர்ந்து பிழையான விடை சொன்னார்கள். கண்ணால் பார்த்த கோட்டுக்கே இந்தக் கதி என்றால், மண்டபம் நிறையச் சனம் இருக்கும்போது நான் வாயைத் திறக்காததில் என்ன புதுமை.

யூலை 10, காலை

நேற்று எழுதியதை அப்படியே விட முடியாது. நாலில் மூன்று பேர் ஒரு தரமாவது சறுக்கினார்கள் என்பது உண்மை, ஆனால் மொத்த விடைகளை எண்ணினால் கூட்டத்தோடு போனவை மூன்றில் ஒரு பங்கு அளவுதான், மிச்சம் எல்லாம் கண்ணால் கண்டதையே சொன்ன விடைகள். நாலில் ஒருவர் ஒரு தரம்கூடச் சறுக்கவில்லை. எனக்குச் சாக்குத் தேவைப்பட்டபடியால் பாதியை மட்டும் எழுதிவிட்டேன்.

இன்னொன்றையும் விட்டுவிட்டேன், உங்களுக்கு வேண்டியது அதுதான். அறையில் இன்னும் ஒரே ஓர் ஆள் சரியான விடையைச் சொன்னால் போதும், அந்தப் பிழைகள் மிகவும் குறைந்துவிடும். ஒரே ஓர் ஆள்.

யூலை 13, மாலை

ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "மாப்பிள்ளை வீட்டார் உண்மையில் எதிர்த்தார்களா, அல்லது நீங்களே நினைத்துக்கொண்டீர்களா?"

நானே நினைத்துக்கொண்டேன். இதை எழுத இத்தனை நாள் ஆகிவிட்டது. கல்யாணம் முடிந்து இரண்டு வருடம் இருக்கும், தங்கச்சியின் மாமியாரோடு பத்திரகாளி அம்மன் கோயில் வாசலில் செருப்புப் போடும்போது பேச்சு வந்தது. அவ சொன்னா: "உங்கட சித்தியைக் கூப்பிடுவீங்கள் எண்டு நான் பாத்துக்கொண்டே இருந்தனான். நீங்களே கூப்பிடேல்லை, பொம்பிளை வீட்டு விஷயத்திலை நான் எப்பிடிப் பிள்ளை கூப்பிடுறது?"

எனக்குச் செருப்பு வார் பூட்ட வரவில்லை, கை நடுங்கியது.

அவ எங்களுக்குப் பயந்து பேசாமல் இருந்தா, நாங்கள் அவவுக்குப் பயந்து பேசாமல் இருந்தோம். அதற்குப் பிறகு ஐயரையும் ஒரு நாள் கண்டு கேட்டேன். "என்னட்டை ஒருத்தரும் கேக்கேல்லையே அம்மா" என்றார். முந்நூறு பேர் இருந்த மண்டபத்தில் சித்தி வரக் கூடாது என்று உண்மையாக நினைத்தவர்கள் எத்தனை பேர் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது, இருவரோ மூவரோ இருந்திருக்கலாம். எல்லோரும் மற்ற எல்லோரையும் காவலுக்கு வைத்துக்கொண்டு நின்றோம்.

யூலை 13, இரவு

தம்பி, மாப்பிள்ளையின் அம்மாவிடம் நேரே கேட்டீர்களா? பெரியம்மாவிடம் இல்லை, அவவிடம்.

யூலை 20

இழை வேறு பக்கம் இழுபடுகிறது, பரவாயில்லை, நல்ல கேள்வி. வழமை என்பது றோட்டு ஒழுங்கு மாதிரித்தானே, இடம் என்றாலும் வலம் என்றாலும் ஒன்று, எல்லோரும் ஒரே பக்கம் போனால் சரி என்று ஒருவர் எழுதியிருக்கிறார்.

சுவீடனில் 1967 செப்டெம்பர் 3 அதிகாலை 5 மணிக்கு நாடு முழுவதும் இடப் பக்கத்திலிருந்து வலப் பக்கத்துக்கு மாறியது. அதற்கு முன், 1955 இல், சனத்திடம் வாக்குக் கேட்டபோது நூற்றுக்கு 80 பேருக்கு மேல் வேண்டாம் என்றிருந்தார்கள். வேண்டாம் என்ற சனமே ஒரு காலையில் மாறி ஓடப் பழகியது, ஏனென்றால் அடுத்தவரும் மாறுவார் என்று எல்லோருக்கும் நிச்சயமாகத் தெரியும். தனி ஒருவர் கொள்கைக்காக முதல் நாளே வலப் பக்கம் ஓடியிருந்தால் செத்திருப்பார். அந்த அளவுக்கு உங்கள் உவமை சரி.

ஆனால் றோட்டில் இடம் வலம் இரண்டும் ஒரே விலை. சீதனத்தில் அப்படியா? எங்கள் பக்கம் பெண்ணுக்கு வீடு இருக்க வேண்டும், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். இதில் ஒரு நல்லதும் உண்டு, பெண் தன் தாய்க்குப் பக்கத்திலேயே இருக்கிறாள், வீடு அவள் பெயரில் இருக்கிறது. அந்த வீட்டைக் கட்டுகிற தகப்பனுக்கும் வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போகிற தாய்க்கும் அது என்ன விலை என்பது வேறு கணக்கு. கிண்ணியாவில் எனக்கு ஒரு சிநேகிதி, ஒரே கந்தோரில் பத்து வருடம் வேலை செய்தோம். அவர்கள் முஸ்லிம்கள், அவர்கள் மார்க்கத்தில் மஹர் என்ற மணக்கொடையை மாப்பிள்ளைதான் கொடுக்க வேண்டும். "அதுவும் குடுக்கிறாங்க, ஆனா வீடு இல்லாட்டி எங்கட ஊருலயும் பேச்சுக்கே வரமாட்டாங்க" என்பாள். வேதத்தையே தாண்டி நிற்கிறது பாருங்கள் வழமை. அவளுக்கும் மூன்று பெண் பிள்ளைகள்.

நான் சீதனம் கொடுக்க மாட்டேன் என்று ஒரு வீடு மட்டும் சொன்னால் அந்த வீட்டுப் பெண்தான் தனித்து நிற்பாள். சீனாவில் பெண் பிள்ளைகளின் பாதத்தைச் சின்ன வயதிலேயே கட்டி ஒடுக்குகிற வழமை பல நூற்றாண்டுகள் இருந்தது. கட்டாத காலுடைய பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடையாது. 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே பெற்றோர் சங்கமாகச் சேர்ந்து இரண்டு சத்தியம் செய்தார்கள்: எங்கள் மகளின் காலைக் கட்ட மாட்டோம், கால் கட்டிய பெண்ணை எங்கள் மகனுக்கு எடுக்க மாட்டோம். இரண்டாவது சத்தியத்தில்தான் உயிர் இருந்தது, ஏனென்றால் கட்டாத பெண்ணுக்கு மாப்பிள்ளைகள் தயாராகக் காத்திருந்தார்கள். அத்தனை பழைய வழமை ஒரு தலைமுறைக்குள் பெரும்பாலும் உடைந்தது. இதை எடுத்து ஆராய்ந்து எழுதியவர் ஜெரி மக்கி, 1996 இல்.

சீதனத்துக்கு அப்படி ஆண் பிள்ளை பெற்ற பத்துக் குடும்பம் சேர்ந்து சத்தியம் செய்தால் எப்படி இருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. எனக்கு ஆண் பிள்ளை இல்லை. இருந்திருந்தால் முதல் கையெழுத்து என்னுடையது.

யூலை 21

கிண்ணியா என்று எழுதினதும் பழைய பாதை நினைவு வந்துவிட்டது, ஆட்களை ஏற்றி அக்கரைக்குக் கொண்டு போகிற மிதவையைத்தான் இங்கே பாதை என்போம். 2009 இல் பாலம் திறக்கும்வரை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகப் பாதையில்தான் ஏற வேண்டும், வெயிலில் வரிசை நீளும். பிள்ளைத்தாச்சி வந்தால், வருத்தக்காரர் வந்தால், மையித்து (முஸ்லிம்களின் பிரேதம்) வந்தால் வரிசை தானாக விலகும். யாரும் அறிவித்துக் கேட்டதில்லை. அதுவும் வழமைதான். உங்கள் அம்மாவைப் பின்னுக்கு அனுப்புவதும் வழமை என்கிறார்கள். ஒன்று பாரம் சுமக்கிறவருக்கு வழி விடுகிறது, மற்றது அவரிடமிருந்தே பிடுங்குகிறது. இரண்டையும் ஒரே சொல்லால் சொல்கிறோமே என்பதுதான் எனக்கு வருத்தம்.

யூலை 27

'உலகத்தோடு ஒட்ட ஒழுகல்' என்ற குறளை ஒருவர் எடுத்துப் போட்டிருக்கிறார், வள்ளுவரே ஊரோடு போகத்தான் சொன்னார் என்று. அந்த இடத்தில் உலகம் என்பதற்குப் பரிமேலழகர் உயர்ந்தோர் என்று பொருள் கொள்கிறார். தொல்காப்பியமும் 'வழக்கெனப் படுவது உயர்ந்தோர் மேற்றே' என்கிறது. அப்படிப் பார்த்தால் எங்கள் மண்டபத்தில் உயர்ந்தோர் யார்? ஐயர் வேண்டாம் என்று சொல்லவில்லை, சம்பந்தி கூப்பிடக் காத்திருந்தா. நான் ஒட்ட ஒழுகியது எவரோடும் இல்லை, என் பயத்தோடு.

'பழையன கழிதலும் புதியன புகுதலும் வழுவல' என்று நன்னூல் சொல்வது மொழிக்கு. வாழ்க்கைக்கும் அதுவே என்று மேடையில் எல்லோரும் இழுப்பார்கள், எனக்கு அதில் கொஞ்சம் தயக்கம் உண்டு. செத்த வீட்டுச் சோறு கழிந்து போவதை நான் விரும்பவில்லை. இப்போது நகரத்தில் அதற்கும் கேட்டரிங் சொல்கிறார்கள்.

ஓகஸ்ட் 2, இரவு

2023 இல் என் மகள் பெரியபிள்ளை ஆனாள். மண்டபம், வீடியோ, பல்லக்கு ஒன்றும் வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள், சரி, வீட்டோடு தண்ணி வார்த்துச் சாப்பாடு கொடுப்போம் என்று முடிவு. அந்த நாள் காலையில் முற்றத்தில் பலகை போட்டு அவளை இருத்தியாயிற்று. மாமி செம்பை எடுத்தா. சித்தி வழமை போல வீட்டுக்குள் நிற்கிறா.

பிள்ளை திரும்பி, "அம்மம்மா எங்க? அவ வாக்கட்டும். அவவுக்குத்தான் என்ர தலையில எங்க சிக்கு எண்டு தெரியும்" என்றாள்.

அவள் புரட்சி ஒன்றும் செய்யவில்லை. அப்படி ஒரு தடை இருப்பதே அவளுக்குத் தெரியாது, நாங்கள் யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. மாமி ஒரு நிமிடம் செம்போடு நின்றா. பிறகு வாசற்படிக்கு வந்து அதை உள்ளுக்கு நீட்டினா. சித்தி வெளியே வந்து வார்த்தா. வார்த்துக்கொண்டே விரலால் அந்தச் சிக்கை எடுத்தா, அது அவவின் பழக்கம், நிறுத்த முடியாது. பால் அறுகு வைக்க வந்த ஆட்களில் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒருவர் மட்டும் 'அடுத்தது ஆர்' என்று கேட்டா, அவ்வளவுதான்.

ஆஷ் சொன்ன அந்த ஒரே ஓர் ஆள் எங்கள் வீட்டில் பன்னிரண்டு வயதில் பாவாடை நனைய உட்கார்ந்திருந்தது.

ஓகஸ்ட் 3, காலை

இந்த இழையைத் தொடங்கியதிலிருந்து ஒன்றை மட்டும் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். இத்தனையும் சித்தியைப் பற்றி எழுதுகிறேன், சித்தியிடம் கேட்டேனா? ஒன்பது வருடமாகக் கேட்கவில்லை. நேற்று இரவு முருங்கை இலை உருவிக்கொண்டு இருக்கும்போது கேட்டேன். "அண்டைக்கு நான் கூப்பிட்டிருந்தா வந்திருப்பீங்களா?"

"வந்திருக்க மாட்டன்."

இலை உருவுகிற கை நிற்கவில்லை. சரி, இவ்வளவு நாள் வீணாக மனம் புழுங்கியிருக்கிறேன் என்று நினைத்து எழும்பப் போனேன். அப்போது சொன்னா: "ஆனா நீ கூப்பிட்டிருக்கலாம்."

ஓகஸ்ட் 3, பகல்

தம்பி, உங்கள் அம்மாவும் அதுதான் முறை என்கிறா என்று எழுதியிருந்தீர்கள். அதை நான் அப்போதே சரியாக வாசிக்கவில்லை. எங்கள் வீடுகளில் வேண்டாம் என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியாதா? யார் வீட்டுக்குப் போனாலும் தேத்தண்ணி வேண்டாம், இப்பதான் குடிச்சிட்டு வந்தனாங்கள் என்கிறோம். அதைக் கேட்டு ஒரு வீட்டுக்காரர் சரி என்று சும்மா இருந்துவிட்டால் அந்த வீட்டைப் பற்றி என்ன கதைப்போம்? இரண்டாம் தரம் கேட்க வேண்டும், மூன்றாம் தரம் கையைப் பிடித்து இருத்த வேண்டும். அதுவும் வழமை, அந்த மற்றதைவிட நாம் தினமும் கைக்கொள்கிற வழமை. ஒரு கோப்பைத் தேத்தண்ணிக்கு மூன்று தரம் கேட்கத் தெரிந்த எனக்கு, வளர்த்த ஒருத்தியை ஒரு தரம் கூப்பிடத் தெரியவில்லை.

அதனால் சண்டை பிடிக்கத் தேவையில்லை. முதலில் மாப்பிள்ளையின் அம்மாவிடம் போங்கள், தனியாக, தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு. பிறகு ஐயரிடம். பெரியம்மாவிடம் கடைசியில், அதுவும் அனுமதி கேட்கிற மாதிரி இல்லாமல், இவர்களுக்கும் சந்தோஷம் என்று சொல்கிற மாதிரி. அம்மாவிடம் மேடைக்கு வா என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள், கையில் ஒரு வேலை இருக்கட்டும், கூறைத் தட்டத்தை அவவே கொண்டு வரட்டும். அன்றைக்கு நாலு பேருக்குக் கேட்கக் கூப்பிடுங்கள். வேண்டாம் என்பா. இன்னொரு தரம் கூப்பிடுங்கள்.

அவ மூன்றாம் தரமும் வராவிட்டால் விட்டுவிடுங்கள், இழுக்காதீர்கள். அது அவவின் முடிவு, அதற்கும் மரியாதை உண்டு.

ஓகஸ்ட் 16

மாப்பிள்ளையின் அம்மாவும் கைம்பெண் என்று தம்பி எழுதியிருக்கிறார்! இதை முதலே சொல்லியிருக்கலாமே. அவவும் மேடைக்குப் போவதில்லை என்று முடிவு செய்து வைத்திருந்தாவாம். இரண்டு வீட்டிலும் இரண்டு பேர் பின்னுக்கு நிற்கத் தயாராக இருந்திருக்கிறார்கள், ஒருவரைப் பார்த்து ஒருவர்.

செப்டெம்பர் 5, இரவு

கல்யாணம் முடிந்ததாம். தம்பியின் தகவல் சின்னது, அவர் எழுதியபடியே தருகிறேன்: "மூன்று தரம் கூப்பிட்டோம். மாப்பிள்ளையின் அம்மா ஏறினா. அம்மா தட்டத்தோடு மேடையடி வரைக்கும் வந்தா, ஏறவில்லை. தங்கச்சி எழும்பிக் கீழே இறங்கி வந்து வாங்கினாள்."

இதைச் சித்திக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துவிட்டு, "எத்தினை படி அந்த மேடைக்கு?" என்று கேட்டா. எழுதவில்லை என்றேன்.

"கேள்" என்றா.